பதினோரு நிமிடப் பிணம்

மூன்றாம் காட்சியில் நான் செத்துவிடுகிறேன்.
அதன்பின் பதினோரு நிமிடம் வேலையில்லை,
மூச்சு மட்டும் வெளியே தெரியக் கூடாது.

தொரப்பாடியில் எங்கள் பயிற்சிக்கூடம்
முன்பு தோல் மூட்டை அடுக்கிய கிடங்கு.
ஏப்ரலில் அதன் தகரம் இரவு ஒன்பதுக்கும் ஆறாது.
முதுகு தரையில் படும்போது
பழைய ஆட்டுத்தோல் வாசனை எழுந்து
என் சாவுக்கு ஒத்தாசை செய்யும்.

காலை ஆறுக்கு உடல், ஏழுக்குக் குரல்.
கிசுகிசுத்தாலும் கடைசி வரிசைக்குப் போகணும்,
பக்கத்தில் நிற்பவள் காது கூசக் கூடாது.
எட்டரைக்கு மெயின் பில்டிங்கில்
நாடக வரலாறு, தாள் நான்கு.
இடையில் குளிக்கலாம், அல்லது சாப்பிடலாம்.
நான் சாப்பிடுகிற கட்சி.
தஸ்னீம் மேல்விஷாரத்திலிருந்து வருகிறவள்.
முதல் பஸ்ஸில் தூங்கி, கடைசி பஸ்ஸில் படித்து,
எட்டரை மணி வகுப்புகளில் பல நாள்
உடைப்பெட்டிக்குப் பின்னால்
உடையோடு உடையாகச் சுருண்டு கிடந்தாள்.

பரீட்சையும் நாடகமும் ஒரே தேதி.
தேதி குறித்த இரண்டு பேரும்
ஒரே கேன்டீனில்தான் டீ குடிக்கிறார்கள்.

முந்தின இரவு ஒத்திகையில்
தஸ்னீம் என் மேல் விழுந்து மாரடித்தாள்.
"என்னை விட்டுப் போனியே ராசாத்தி"
என்று கூடம் அதிர,
என் காதோரம் மட்டும்:
"நாடகக் காட்சிச் சட்டம் எந்த வருஷம்?"
பிணம் பதில் சொல்லாது.
"ஆயிரத்து எண்ணூத்தி எழுபத்தாறு. பத்து மார்க்.
ஐயோ என் கண்ணே!
சர்க்கார் தடை போடலாம், போலீஸ் உள்ளே வரலாம்.
யாருக்கு இனி நான் தலை பின்னுவேன்!
ஆடினவனுக்கும் தண்டனை, இடம் கொடுத்தவனுக்கும்."
சிரிப்பில் என் வயிறு அசைந்து
இயக்குநரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

காலையில் நோட்டீஸ் போர்டு.
எம். தஸ்னீம், அறுபத்து நான்கு சதவீதம்.
அறுபத்தைந்து என்றால் அபராதம் கட்டி எழுதலாம்.
ஒன்று குறைந்தால் பணமும் வாங்க மாட்டார்கள்.
பயிற்சிக்கூடப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்,
தொண்ணூறு நாளும் பச்சை மையில் அவள் கையெழுத்து.
கிளார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு
ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார், அதைச் சொல்லியாக வேண்டும்.
"நல்லாத்தான் இருக்குதும்மா.
ஆனா இது வேற நோட்டு."

நான் உள்ளே போனேன்.
கேள்வி ஏழு, அதே சட்டம்.
வரிக்கு வரி நடுவில்
யாருக்கு இனி நான் தலை பின்னுவேன் என்று வந்தது.
அதை மட்டும் விட்டுவிட்டு எழுதினேன்.

மாலை அவள் அழுதாள்.
காதோரம் ஒன்றும் சொல்லவில்லை.
ஒரு சொட்டு என் கழுத்துக் குழியில் விழுந்து
அங்கேயே நின்றது.
"என்னா ட்ரெய்னிங்பா" என்றார் முன் வரிசையில் யாரோ.
கண் திறக்க எனக்கு
இன்னும் ஏழு நிமிடம் இருந்தது.

கிரீன் சர்க்கிளில் பஸ்ஸுக்கு நிற்கையில்
கரகரத்துக் கேட்டாள், ஏழாவதுக்கு என்ன எழுதினே?
முகத்தில் சாவு மாவு கலையாமல் ஒப்பித்தேன்.
பெங்களூர் லாரிகள் தூசி வாரிப் போயின.
"ஆறு மார்க் போடலாம்.
யார் நிறுத்தலாம்னு எழுதியிருக்கே.
நிறுத்தினப்போ ஆடினவங்க எங்க நின்னாங்க,
வேஷத்தக் கலைச்சாங்களா,
அப்படியே வீட்டுக்கு நடந்தாங்களா, அது வரல."
"அது புக்ல இல்லடி."
"தெரியும்."

ஆற்காடு பஸ், படி வரைக்கும் கூட்டம்.
எங்கம்மா என்று முன் படியிலிருந்து கண்டக்டர் கத்த,
பின் படியில் ஒற்றைக் காலில் நின்றவள்
குரலே இல்லாமல், வெறும் காற்றாக
விஷாரம் என்றாள்.
கை மாறிக் கை மாறி
டிக்கெட் பின்னால் வந்தது.