டீசல் ஊற்றியவன் சொன்னது

ஹசக்காவில் பருத்திப் பணம் வந்தால்தான் கல்யாணம்.
ஹவ்வாஸின் கீபோர்டு ஜப்பானில் பிறந்தது.
எங்கள் மெட்டின் அந்தக் கால் சுரமோ
வெள்ளைக் கட்டைக்கும் கறுப்புக் கட்டைக்கும் நடுவே
கட்டையே இல்லாத இடத்தில் இருக்கிறது.
அலெப்போவில் ஒருத்தன் அதன் வயிற்றைத் திறந்து
சொல்லிக்கொடுத்தான். கூலி இரண்டு ஆடு.
மொத்தமும் ஒரு ஃப்ளாப்பிக்குள்:
நாணற்குழல், தோல் முரசு, கைதட்டல்கூட.
நூறு பேரின் கையை
ஹவ்வாஸ் ஒற்றை விரலால் தட்டுவான்.

குழல்காரனுக்கு மூச்சு முட்டும்.
இதற்கு என் டீசல் தீரவேண்டும்.

தீர்ந்தது.
பின்னால் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன்,
ஒப்புக்கொள்கிறேன்.
இருட்டில் தோளோடு தோள் கோத்த வரிசை
நிற்காமல் தரையை இடித்துக்கொண்டிருந்தது.
ஊற்றினேன். கயிறு மூன்றாம் இழுப்பில் பிடித்தது.

கீபோர்டு எல்லாம் மறந்து எழுந்தது.
ஃப்ளாப்பி கிறீச்சிட்டது. பிறகு தானாகவே,
கடையில் வாங்க வருபவனுக்குப் பாடிக்காட்டும்
அந்த மாதிரிப் பாட்டு:
கடற்கரை, குடை, பழரசம், அப்படி ஏதோ.
அணைக்கும் பொத்தானைத் தேடுகிறான் ஹவ்வாஸ்.
மாப்பிள்ளையின் அத்தை ஷம்ஸா
கைக்குட்டையைச் சுழற்றியபடி முன்னால் வந்தாள்,
பாட்டுக்கு அரை அடி முந்தியே மிதித்தாள்.
வரிசை அவள் பின்னால் வளைந்தது.

அடுத்த வாரம் கமிஷ்லியில்
பெண்ணின் அண்ணன் நோட்டுகளைக் கட்டைகள்மேல் பரப்பினான்:
"அந்த டீசல் பாட்டு இருக்கா?"

ஹவ்வாஸ் என்னைப் பார்த்தான்.
நான் எழுந்துபோய்க் குழாயை மூடினேன்.