சதுப்பேரியில் முதல் வாரம்

இரவுப் பணி முடிந்த கையோடு
சதுப்பேரிக் கரைக்கு வந்துவிடுகிறேன்.
கேமராவுக்கு மூன்று தவணை கட்டியாயிற்று,
ஒன்பது பாக்கி.

முதல் நாள்: நாணல், நாணல், என் கட்டைவிரல்.
இரண்டாம் நாள் ஒரு கொக்கு. தலை இல்லை.
"ஷட்டர் ஸ்பீடக் கூட்டுமா" என்கிறார்
வலையை உதறிக்கொண்டே ஏகாம்பரம்.
அவர் மருமகன் கல்யாண வீடியோ எடுக்கிறவராம்.

எக்ஸ்ரே அறையில்
ஒரு ராத்திரிக்கு நாற்பது பேரிடம் சொல்கிறேன்:
மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க, அசையாதீங்க.
விலா எலும்பு வரை பணிகிறார்கள்.
இங்கே என் பேச்சு எடுபடவில்லை.

அதிலும் இந்த முக்குளிப்பான்,
உள்ளங்கையில் அடங்கும் பழுப்பு உருண்டை,
ஃபோகஸ் பிடிக்கிற நொடியில்
தலைகுப்புற நீருக்குள்.
படத்தில் வட்டம் மட்டும்.
இதுவரை நாற்பத்தோரு வட்டங்கள்.

இன்று அது முங்கியதும்
கை நடுங்காதிருக்க நானும் மூச்சைப் பிடித்தேன்.
பத்து.
பைபாஸில் லாரி ஒன்று ஏர்ஹாரன் அடித்தது.
பதினைந்து.
இருபதில் தாங்கவில்லை, விட்டுவிட்டேன்.

அது வேறெங்கோ எழுந்தது
அவசரமே இல்லாமல், அலகில் ஒரு கெண்டைக்குஞ்சோடு.
திரும்பிய வேகத்தில் விரல் அழுத்தியிருக்கிறது.

பறவை கலங்கல்தான்.
மீனின் கண்
அத்தனை துல்லியம்.