நாலு விரல் இடைவெளி

ஆறடி மூணு அங்குலம்.
பாம்பன் பிள்ளைகள் வைத்த பெயர் லைட்ஹவுசு.
நாசில், பெல்ட், ஆயில் சீல்,
விசைப்படகுக்கு வேண்டியதெல்லாம் பையில் கட்டி
தொண்டியிலிருந்து தங்கச்சிமடம் வரை
வண்டியிலேயே என் பிழைப்பு.

அறுபதைத் தாண்டினால் போதும்,
யாரோ ஹெல்மெட்டை
இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறார்கள்.
அடித்தால் பொறுத்துக்கொள்ளலாம்.
இது அடிப்பதில்லை, குலுக்குகிறது,
உண்டியலில் எவ்வளவு சேர்ந்திருக்கிறதென்று
காதில் வைத்துப் பார்க்கிற பிள்ளை மாதிரி.

உச்சிப்புளி தாண்டும்போது
முன்னால் போகிற ஐஸ் லாரிக்கு
இரண்டு நம்பர் பிளேட்.
மண்டபத்தில் இறங்கி ரசீது எழுதினால்
ஏழு எது, ஒன்று எது, எனக்கே தெரியாது.

ராமநாதபுரத்தில் சேகு ஜலால் கடையில்
மூன்று கண்ணாடி தொங்கின.
குட்டை, நடுத்தரம், பெரிசு.
"ஒங்க ஒசரத்துக்குப் பெரிசுதாண்ணே"
என்றார், அதைக் கழற்ற ஸ்டூலில் ஏறிக்கொண்டே.
ஐந்தடி இருப்பார்.
மாட்டிய வண்டியில் அவரே உட்கார்ந்து காட்டினார்:
"பாருங்க, ஒரு முடி ஆடுதா?"
கடைக்குள் ஏது காற்று.

மறுநாள் சோளகம் கிளம்பியிருந்தது.
நெஞ்சில் சட்டைப் பொத்தான் அசையவில்லை.
ஆனால் விளிம்பில் ஏறிய காற்று
அந்தப் பக்கம் குப்புற விழுந்து
உருண்டு
சரியாக என் தாடைக்குக் கீழே
குடித்தனம் வைத்தது.
முன்பு உலுக்கியது ஒரு ஆள்.
இப்போது குடும்பத்தோடு.

கழற்றி வீட்டில் வைத்துவிட்டு
வெறும் வண்டியில் போனேன்.
முரட்டுக் காற்றுதான்,
ஆனால் ஒரே திசையில் தள்ளுகிற நேர்மையான முரடு.
தலை நின்றது.
தேவிபட்டினம் போய்த் திரும்புவதற்குள்
தோள்பட்டை இரண்டும் என்னுடையதாக இல்லை.

பிரிட்டோ வலை பொத்திக்கொண்டிருந்தான்.
"காத்த யாரு கண்ணால பாக்குறா,
அது செய்யிற வேலயத்தான் பாக்கணும்" என்று
நீல நூல் ஒரு முழம் அறுத்துக் கொடுத்தான்.
சாண் சாணாக வெட்டி
கண்ணாடி விளிம்பில் மூன்று,
ஹெல்மெட் நெற்றியில் ஒன்று ஒட்டினேன்.

விடிந்ததும் அரிச்சல்முனை ரோடு.
இந்தப் பக்கம் ஆண்கடல், அந்தப் பக்கம் பெண்கடல்,
நடுவில் நூல் கட்டிய வண்டியில் ஒரு லைட்ஹவுசு.
நெற்றி நூல் நேரே நிற்கவில்லை,
கொக்கியில் மாட்டிய புழுவாகத் துடித்தது.
இடது கையை விரித்து
கண்ணாடிக்கு மேலே மெல்ல உயர்த்தினேன்.
ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை.
ஒரு விரற்கடை கூடியதும்
கை பறந்தது.
அங்கேதான் காற்றின் கரை.
என் காதுக்கு நேரே.

பெரிசு தேவையில்லை, சிறிசும் தேவையில்லை.
அந்தக் கரை எங்கே இடிக்கிறது என்பதுதான் கணக்கு.
கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பள்ளம்,
மேலே போன காற்று அதில்தான் தவறி விழுகிறது.
பள்ளத்தை நிரப்புவதற்கும்
காற்றைத் தவிர வேறு எதுவும் இல்லை.

ஹெட்லைட்டுக்கு மேலே அடைத்திருந்த
ரப்பரைப் பிடுங்கினேன்.
வாஷர் வைத்து கண்ணாடியைத் தூக்கினேன்,
அடியில் நாலு விரல் சந்து.
மேல் விளிம்பை இரம்பத்தால் அறுத்து
மூக்குக்கு நேராக இறக்கினேன்.
உப்புப் படிந்த கண்ணாடி வழியாக யார் பார்ப்பது,
அதன் தலைக்கு மேலேதான் பார்க்கவேண்டும்.
இரண்டாயிரத்து நானூறு ரூபாய்ப் பொருளை
அறுக்கும்போது கை நடுங்கியது உண்மை.

நூல் நாலும்
வகிடு எடுத்ததுபோல் படிந்தன.

அன்று சாயங்காலம் பாலம் ஏறினேன்.
பக்கவாட்டில் வருகிற காற்றுக்குக்
கண்ணாடி எவனும் செய்யவில்லை,
எதிரே வந்த பஸ் ஒரு முழம் தள்ளிவிட்டுத்தான் போனது.
ஆனாலும் தலை என் கழுத்தின்மேல்.
கீழே ஒரு படகின் என்ஜின்
தனியாகக் கேட்டது.
அப்புறம், என் காலுக்குப் பக்கத்தில்,
கரக், கரக்.
செயின்.
எத்தனை மாதமாகச் சொல்லிக்கொண்டு வந்ததோ.
பாலத்தில் நிறுத்தக் கூடாது.
கேட்டுக்கொண்டே போனேன்.