தீற்றா பூச்சியமன்று

அம்பகாமத்தில் ஐம்பது நிமிடம் தரை,
பத்து நிமிடம் ஓய்வு.
முகக்கண்ணாடியை உயர்த்தி
கவச அங்கியின் பட்டியைத் தளர்த்தி
தண்ணீர்ப் போத்தலுக்கு முன் தாளை எடுக்கிறேன்.
மூன்றாம் தடவை. இணைந்த கணிதம்.

சுருக்குக:
ஒன்றிலிருந்து கோசைன் வர்க்கம் போக வருவதை
சைன் தர கோசைனால் வகுத்தது.

பாலைமர நிழலில் நிரஞ்சலா
ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டபடி,
"சுருக்கி என்ன செய்யப் போறாய்?"
"சோதினையில கேப்பாங்கள்."
போன கிழமை வந்த குடும்ப விவரப் படிவத்தில்
ஏழு பேருக்கு இடமிருந்தது.
அவள் ஒரே வரியில் முடித்துக் கொடுத்தாள்.

மேலே இருப்பது சைனின் வர்க்கம்,
அது சர்வசமன்பாடு. கோணம் எதுவானாலும்
இரண்டு வர்க்கமும் கூடி ஒன்று.
ஒன்று தேய மற்றது வளரும்,
பங்கு மாறும், மொத்தம் மாறாது.
இந்தக் காட்டில் நான் கண்ட
மாறாத மொத்தம் அது ஒன்றுதான்.

பிறகு வெட்டு.
மேலே ஒரு சைன், கீழே ஒரு சைன்,
பென்சிலால் இரண்டு சாய்கோடு.
மிஞ்சியது தான்.
தான் மட்டும்.
நிரஞ்சலா இதற்குச் சிரித்தாள்.

விசில்.
கண்ணாடி இறங்குகிறது.
முழந்தாளில் நின்று விரற்கடை விரற்கடையாக
மண்ணைச் சுரண்டும்போது
விடையில் ஏதோ இடறுகிறது.

தீற்றா பூச்சியமானால்?
தானுக்கு அங்கே ஒரு குறையுமில்லை,
பூச்சியம் என்று அமைதியாய்ச் சொல்லும்.
தொண்ணூறில்தான் அது விழும், அது தெரிந்த குழி.
ஆனால் தொடங்கிய கோவையில்
இங்கேயும் ஒன்று இருந்தது,
பூச்சியத்தின் கீழ் பூச்சியம்.
வெட்டுப்பட்ட சைன் போகும்போது
அதை மூடிவிட்டுப் போயிருக்கிறது.

என் லேனில் பதினொரு மஞ்சள் தடிகள்.
ஒவ்வொன்றும் ஒன்றை எடுத்த இடம்.
ஆவணியில் காணி கையளிக்கும்போது
தடிகளையும் பிடுங்குவார்கள்.
வரைபடத்தில் பச்சை ஒரே சீராய்ப் படரும்.
யாரோ கச்சான் போடுவார்கள்.
போடட்டும். விடை பிழையில்லை.

அடுத்த பத்து நிமிடத்தில்
முதலில் தண்ணீர் குடித்தேன்.
பிறகு தாளின் ஓரத்தில்,
தானுக்குப் பக்கத்தில் எழுதினேன்:
தீற்றா பூச்சியமன்று.

"இதுக்குப் புள்ளி தருவாங்களோ?"

தெரியாது.
பென்சிலை அங்கிப் பைக்குள் வைத்தேன்,
விசிலுக்கு இன்னும் ஒரு நிமிடமிருந்தது.