ஏற்றத்தில் அடித்தவன்

பகாவில் யாரைக் கேட்டாலும் முகிலரசன் என்பார்கள்.
சரிதான்.
அவன் அடிக்கையில் குச்சி இரண்டும் கண்ணுக்குத் தெரியாது,
கைப்பேசிகள் எல்லாம் அவன் பக்கமே தலை தூக்கும்.

எனக்கு டயர் கடை ஆ ஃபூக்கையும் பிடிக்கும்.
சீனப் பெருநாளில்
முரசைப் பார்க்கவே மாட்டான்,
சிங்கத்தின் இமையைத்தான் பார்ப்பான்.
இமை மூடும்;
முரசின் விளிம்பில் ஒரு ‘டக்’.

ஆனால் பந்தயம் என்றால்
என் பணம் குணாளன் பேரில்.
பகலில் செம்பனைக் குலை ஏற்றுகிறவன்,
உள்ளங்கையெல்லாம் முள் முறிந்த கறுப்புப் புள்ளிகள்.

போன பங்குனி உத்திரம்.
கோயில் ஏற்றம், தார் கொதிக்கிறது,
தலையில் பால்குடம்.
இடது கெண்டைக்கால் கல்லாய் இறுகிவிட்டது.
சொல்லவும் முடியாது, நாக்கில் அலகு.

எனக்கு முன்னால் பின்நடையாய் ஏறியவன்
முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தைப் பார்த்தான்.
வளைகுச்சியை அழுத்தி
உருமியில் ஒரே ஓர் இழுப்பு,
தோல் கிழிந்துவிடும் போல.
அடி பாதியாய்க் குறைந்தது.
“என்னடா தூங்குற!” பம்பைக்காரன் வைதான்.
தப்பு தடுமாறிற்று.
பிறகு எல்லாருமே
என் வலது கால் ஊன்றும் நேரத்துக்கு வந்து சேர்ந்தார்கள்.

முகிலரசன் அடித்திருந்தால்
சாமி வந்திருக்கும், நான் விழுந்திருப்பேன்.

பால் ஒரு சொட்டும் சிந்தவில்லை என்று
வீட்டில் சொல்லியிருக்கிறேன்.
சிந்தியது, கழுத்து நனைய.

நேற்று எண்ணெய் நிலையத்தில் பார்த்தேன்,
மோட்டாருக்கு ஐந்து வெள்ளிப் பெட்ரோல்.
நன்றி சொல்ல வாயெடுத்தேன்.
மிச்சக் காசை எண்ணிக்கொண்டே கேட்டான்:
“கால் எப்படிக்கா இருக்கு?”