வாய்க்கால் வழி

நானூற்றைம்பது ரூபாய் பாசல்,
மாதம் இருபத்திரண்டு நாள்.
கரண்ட் பில்லின் பின்பக்கத்தில்
பெருக்கிப் பார்த்தேன்.
அடுத்தநாளே தொடங்கினேன்.

விடிய நாலரைக்கு எழும்பி
சிவப்பரிசி ஒரு சுண்டு,
பருப்பு, முருங்கையிலை வறை.
முதல் கிழமை சோறு களி.
இரண்டாம் கிழமை உப்பை மறந்து
கந்தோரில் மூச்சுவிடாமல் தின்று முடித்தேன்.

பிறகுதான் சங்கடம்.
பரந்தன் சந்தியில் புஸ்பகாந்தியக்காவின் கடை.
ஆறு வருசம் எனக்கென்று
அடிக்கறி அள்ளிய கை.
அந்தக் கையை எப்படிக் கடந்து போவது?

இரணைமடு வாய்க்கால் வரம்பால்
சைக்கிளை விட்டேன்,
இரண்டு கிலோமீற்றர் கூட.
புழுதி, மாடுகள்,
ஒருநாள் ரயரில் நாயுண்ணி முள்ளு.

உருட்டிக்கொண்டு ஒட்டுக்கடைக்குப் போக
அவவின் வாசல்தான் வழி.
"என்ன தம்பி, சுகமில்லையோ?"
கைப்பிடியில் தொங்கிய சாப்பாட்டுப் பெட்டி
ஆடி ஆடிக் காட்டிக்கொடுத்தது.

அவ கோபிக்கவில்லை.
காசு மேசைக்குக் கீழே குனிந்து
பழைய ஐஸ்கிறீம் டப்பா ஒன்றைத் திறந்தா.
குரக்கன் புட்டு,
கத்தரிக்காய்ப் பொரியல்,
ஓரத்தில் கொஞ்சம் சம்பல்.

"நானும் வீட்டிலயிருந்துதான் கொண்டாறனான்.
ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதையும்."