நாரை நிறுத்தினேன்

கம்பி முளைத்து நிற்கும் மேல்தட்டில்
குளியலறை ஆகவேண்டிய ஆறடி இடம்
இப்போதைக்கு ஐந்து சோடி பின்ச் குருவிகளுக்கு.
மேசன் விட்டுப்போன சீமெந்துப் பை
மூலையில் கல்லாய் இறுகிக் கிடக்கிறது,
அதன்மேல்தான் தினை டப்பா.
குழாய் வரவேண்டிய துவாரத்துக்குள்ளால்
காசளவு கடல் தெரியும்,
கிட்டக் கண் வைத்தால்
ஒரு கப்பலின் பாதி.

முதல் சோடி கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்தது,
துளை போட்ட சப்பாத்துப் பெட்டிக்குள்.
சேவலுக்குச் செஞ்சொண்டு, காலில் பச்சை வளையம்,
கன்னத்தில் செம்மஞ்சள் அப்பல்.
குரல் மட்டும்
மிதித்தால் கத்துமே பிள்ளைகளின் சப்பாத்து, அது.
பெட்டை சாம்பல். வாய் திறப்பது குறைவு.

சாமை, தினை, அவித்த முட்டை மசியல்.
சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு.
மருந்துச் சரக்குக் கடையில் அதைக் கடல்நுரை என்று
நிறுத்து விற்பார்கள். நானோ
விடிய ஆறு மணிக்கு டைக் வீதிக் கரையில்
சும்மா பொறுக்குகிறேன்,
நடக்க வந்தவர்கள் என்னைப் பார்த்து
எதையோ தொலைத்தவள் என்று நினைக்க.

இவ்வளவும் சரியாகத்தான் செய்தேன்.
பிழைத்தது நாரில்.
கட்டட்டும் என்று
தேங்காய் நார் ஒரு கட்டுக் கூண்டுக்குள் வைத்தேன்,
முடிய முடிய இன்னொன்று.
சேவல் சுமந்தான்.
மண்சட்டி நிறைந்தது, கழுத்து நிறைந்தது,
பெட்டை இட்ட நான்கு முட்டைக்கு மேலும்
சுமந்தான்.
அவள் அந்த மெத்தையில் ஏறி மீண்டும் இட்டாள்.
ஒரு நாள் கை விட்டுப் பார்க்கிறேன்:
மேல்வீட்டில் மூன்று முட்டை, சூட்டோடு.
கீழ்வீட்டில் நான்கு
குளிர்ந்து.
கைபேசி வெளிச்சத்தில் பிடித்தேன்.
சிவப்பு நரம்பு ஒன்றும் ஓடவில்லை,
வெறும் மஞ்சள் வெளிச்சம்,
ஆளில்லாத அறையில் அணைக்க மறந்தது போல.

கொப்பியில் எழுதினேன்:
"ஆடி 9. நாரை நிறுத்தினேன்."
தாரகி வாசித்துவிட்டு
எந்த நாரை அம்மா, எங்க நிறுத்தினீங்கள் என்றாள்.
நானும் சிரித்தேன். பிறகு
ஒற்றைக் காலில் ஒரு நாரை
இரவு முழுக்க என் தலைமாட்டில் நின்றது.

இரண்டு நாள் சேவலுக்குத் தலைகால் புரியவில்லை.
தட்டில் விரித்த பத்திரிகையைக் கிழித்தான்,
தன் வால் இறகைக் கவ்வி இழுத்தான்,
கச்சான் காற்று கொண்டுவந்து ஒட்டிய
பொலித்தீன் துண்டுக்காகக் கம்பியில் தொங்கினான்.
மூன்றாம் நாள்
செய்ய வேறொன்றும் இல்லாமல்
உள்ளே போய்
அவளுக்குப் பக்கத்தில் அடை கிடந்தான்.

டோகாவிலிருந்து சுதர்மன் வெள்ளி தோறும் எடுப்பார்.
அத்திவாரம் என்றார், அனுப்பினார். அறை என்றார்.
மாடி என்றார். ஏழு வருடம்.
இந்த வெள்ளி,
"மூண்டாம் தட்டுக்கும் கம்பி விடச் சொல்லும்."
மேசனை நிற்பாட்டிப்போட்டன் என்றேன்.
"ஏன், காசு காணாதா?"
காணும். அதுதான்.

அந்தப் பக்கம் ஏசி இரைகிறது.
இந்தப் பக்கம் மண்சட்டிக்குள்
ஐந்து நாள் ஆன மூன்று வாய்கள்,
அண்ணத்தில் கறுப்புப் புள்ளி வைத்து
இருட்டிலும் தாய்க்கு வழி காட்டும் வாய்கள்.
போனைக் கிட்டப் பிடித்தேன்.
"லைன் இரையுது" என்றார்.
இல்லை, குஞ்சு என்றேன்.
கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.
"சேவல் எங்க?"

கீழே கேற்றடியில் கிண்ணியா ஜவ்ஸான் ஹோன் அடிக்கிறான்.
போன தரம் கொண்டுபோன சோடி
முட்டை இடுகுதாம், பொரிக்குதில்லையாம்.
நான் எறிந்த பத்திரிகைத் தாளை எச்சத்தோடு மென்றபடி
மான் ஒன்று
அவன் மோட்டார் சைக்கிளுக்கு வழி விடாமல் நிற்கிறது.
நார் எவ்வளவு வைத்தாய் என்று
அவனிடம் கேட்கவேண்டும்.
முதலில் இவருக்குப் பதில்.